சேலத்தில் பழைய புத்தகம் சேகரிக்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பழைய பேப்பர் கடை. தராசுத் தட்டில் பள்ளி நோட்டுகளும் செய்தித்தாள்களும் ஏறிக்கொண்டிருந்தன. அந்தக் குவியலில் கையகல அளவில் ஒரு சின்னப் புத்தகம், முதுகில் நூல் தொங்கிக்கொண்டு கிடந்தது. ரோஸ் நிறத்தில் மெல்லிய மேல்தாள், அதன் பின்புறம் ‘விலை அணா 6’ என்று இருந்தது. "ஏனுங்க, அது செல்லரிச்சுப் போனதுங்க, எடைக்குத்தான் போகும்," என்றார் கடைக்காரர். பத்து ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன். எங்கள் பக்கத்து ஊர் மாரியம்மன் பேரில் யாரோ பாடிய சிந்து அது.

அடுத்த வாரமே அதைப் பத்திரப்படுத்துவதாக நினைத்து பைண்டிங்குக்குக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது கெட்டி அட்டை, பளபளக்கும் காலிகோ துணி, மூன்று பக்கமும் மெஷினில் வெட்டிய ஓரங்கள். ரோஸ் நிற மேல்தாளைக் காணோம். "அது கிழிசலுங்க, தூக்கிப் போட்டுட்டேன்," என்றார் பைண்டர். அச்சகத்தின் பெயரும் ஆண்டும் அந்தத் தாளில் மட்டும்தான் இருந்தன. என் புத்தகம் எப்போது, எந்த ஊரில் அச்சானது என்பது அன்றோடு போயிற்று.

இந்தத் துறையில் நான் கற்ற முக்கியமான பாடம் இதுதான். மேல்தாள், விலை, பின்பக்க விளம்பரம், ரப்பர் ஸ்டாம்பு, யாரோ போட்ட கையெழுத்து என்று நாம் குப்பையாக நினைப்பவைதான் ஒரு பழைய புத்தகத்தின் சாட்சிகள். கீழே சொல்லும் படிகள் எல்லாம் அந்தச் சாட்சிகளைத் தேடுவது, படிப்பது, காப்பாற்றுவது பற்றியவை.

முதல் படி: எதைச் சேர்ப்பது என்று முடிவெடுங்கள்

‘பழைய புத்தகம் எல்லாம்’ என்று தொடங்கினால் ஆறு மாதத்தில் வீடு நிறைந்துவிடும், சேகரிப்பு என்று எதுவும் இருக்காது. ஒரு சின்னக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். சேலத்துக்காரர்களுக்கு அப்படிக் கோடு போட நிறையப் பொருள் இருக்கிறது.

நான் முதலில் சொல்வது சினிமாப் பாட்டுப் புத்தகங்களை. டி.ஆர்.சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஏற்காடு சாலையில்தான் இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த நிறுவனம். அந்தக் காலத்தில் படத்துக்குப் படம், கொட்டகை வாசலில் சில அணாவுக்குப் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம், பாட்டு வரிகள் எல்லாம் இருக்கும். கதை உச்சத்துக்கு வந்ததும் ‘மீதியை வெள்ளித் திரையில் காண்க’ என்று நிறுத்திவிடுவார்கள். எட்டு, பதினாறு பக்கத் தாள்கள்தானே என்று யாரும் எடுத்து வைக்கவில்லை. அதனாலேயே இன்று கிடைப்பது அரிது.

இரண்டாவது, பழைய சேலம் ஜில்லா. இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் அன்று இதற்குள் அடக்கம். லெ ஃபானு 1883இல் இரண்டு தொகுதிகளாக எழுதிய சேலம் மாவட்ட மேனுவலும், ரிச்சர்ட்ஸ் தயாரித்து 1918இல் வந்த கெஜட்டியரும் ஆங்கிலத்தில் பெரிய நூல்கள். எடுத்த எடுப்பில் அவற்றைத் துரத்த வேண்டாம். திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து ராஜாஜி 1929இல் தொடங்கிய மதுவிலக்குப் பத்திரிகை ‘விமோசனம்’. கல்கி அதில் துணையாசிரியராக இருந்தார். அதன் ஓர் இதழ் கிடைத்தாலே பெரிய பேறு. 1944 ஆகஸ்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது சேலம் மாநாட்டில். அந்தக் காலத்துத் துண்டு வெளியீடுகளும் நம் வட்டார வீடுகளில் பரண் மேல் இன்னும் இருக்கின்றன.

இவை தவிர பெரிய எழுத்துக் கதைகள், சிந்து, கும்மி, பள்ளிப் பாடநூல்கள், சிவகாசியிலிருந்து வந்த காமிக்ஸ் என்று எதுவும் ஆகும். வாரப் பத்திரிகையிலிருந்து தொடர்கதையைக் கிழித்தெடுத்து வீட்டிலேயே பைண்டு செய்த தொகுப்புகளைத் தாழ்வாக நினைக்காதீர்கள். ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபரில் கல்கி இதழில் தொடங்கியபோது மணியம் வரைந்த படங்களோடு வந்தது. வாசகர் ஒருவர் வாராவாரம் சேர்த்துத் தைத்து வைத்த கட்டில் படம், விளம்பரம், அடுத்த பக்கத்துத் துணுக்கு எல்லாம் கூடவே இருக்கும். பிறகு வந்த புத்தகப் பதிப்பில் அது கிடைக்காது.

இரண்டாம் படி: ஆண்டைக் கண்டுபிடிக்கப் பழகுங்கள்

இதில் நேரம் செலவிடுங்கள். வாங்கும் பணத்தைவிட இந்தப் பழக்கம் முக்கியம்.

பழைய தமிழ்ப் புத்தகத்தின் தலைப்புப் பக்கத்தில் ஆங்கில ஆண்டு இல்லாமல் தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் இருக்கலாம். அறுபது ஆண்டுக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பி வரும். பிரபவ என்றால் 1867 அல்லது 1927 அல்லது 1987. நம் ஊர்ப் பெரியவர்கள் பேச்சில் இன்னும் இருக்கிற ‘தாது வருசப் பஞ்சம்’ 1876இல் தொடங்கியது. அதே தாது 1936இலும் 1996இலும் வந்தது. ஆகவே ‘தாது வருஷம்’ என்று மட்டும் போட்ட புத்தகம் மூன்றில் எதுவென்று வேறு சாட்சிகள்தான் சொல்ல வேண்டும். கலியுக ஆண்டு என்றால் 3101 கழியுங்கள். சாலிவாகன சகம் என்றால் 78 கூட்டுங்கள். திருவள்ளுவர் ஆண்டு என்றால் 31 கழியுங்கள். தமிழ் ஆண்டு சித்திரையில் பிறப்பதால் ஓராண்டு முன்பின் ஆகலாம்.

ஆண்டே போடாத புத்தகத்துக்கு விலையைப் பாருங்கள். அணா, பையில் மட்டும் விலை என்றால் 1957 ஏப்ரலுக்கு முந்தையது. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை என்பது அந்தக் கணக்கு. ‘ந.பை.’ (நயா பைசா) என்று இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடையில். அடுத்து முகவரி. ‘சென்னை-1’ என்று மண்டல எண் மட்டும் இருந்தால் பெரும்பாலும் 1972 ஆகஸ்டுக்கு முன்பு, ஏனென்றால் அந்த மாதம்தான் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு வந்தது. மாநிலத்தின் பெயர் ‘மதராஸ் ஸ்டேட்’ என்றால் 1969 ஜனவரிக்கு முன்பு. நமக்கே உரிய இரண்டு அடையாளங்கள்: ‘தர்மபுரி, சேலம் ஜில்லா’ என்றால் 1965 அக்டோபருக்கு முன்பு, ‘நாமக்கல், சேலம் மாவட்டம்’ என்றால் 1997க்கு முன்பு.

பிறகு எழுத்து. ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்ற 13 எழுத்துகளின் வடிவத்தை 1978இல் தமிழக அரசு மாற்றியது. அதற்கு முன் ‘லை’ எழுத்தில் ஐகாரக் குறி தனியாக நிற்காமல் தலையில் தும்பிக்கைபோல வளைந்திருக்கும். தும்பிக்கை இருந்தால் பழையது என்று ஓரளவு நம்பலாம். தும்பிக்கை இல்லாவிட்டால் புதியது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். பெரியார் 1935 முதலே குடிஅரசில் அந்தச் சீர்திருத்த எழுத்தைப் பயன்படுத்தினார். சுயமரியாதை இயக்க வெளியீடு என்று தெரிந்தால் எழுத்தை ஒதுக்கிவிட்டு விலையையும் முகவரியையும் பாருங்கள்.

அச்சகத்தின் பெயரும் ஊரும் எங்காவது இருக்கும். 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டம் அதைக் கட்டாயம் ஆக்கியது. முத்திராக்ஷரசாலை, அச்சியந்திரசாலை, அச்சுக்கூடம், பிரஸ் என்று அந்தச் சொல் மாறிக்கொண்டே வந்ததே ஒரு தனிச் சுவை. அரசு 1835இல் அச்சுக் கட்டுப்பாட்டைத் தளர்த்திய பிறகுதான் நம்மவர்கள் தாராளமாக அச்சகம் தொடங்கினார்கள். எனவே அதற்கு முந்தைய தமிழ் நூல் ஒன்று உங்கள் கைக்கு வந்தால், அதை வாங்குவதற்கு முன் ஒரு நூலகரிடம் காட்டுங்கள்.

தாள் ஏமாற்றும். 1870இல் அச்சான புத்தகம் வெள்ளையாக, வளைத்தால் வளையும்படி இருக்கும். 1950இல் வந்தது பழுப்பேறி, மடித்தால் அப்பளம்போல நொறுங்கும். பழைய தாளில் கந்தல் துணிக் கூழ் அதிகம். பிறகு வந்த மலிவுத் தாளில் மரக்கூழும் அமிலமும் அதிகம். பழுப்பு நிறத்தை வைத்து வயது சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

மூன்றாம் படி: போலியும் நகலும்

நம் ஊரில் வேண்டுமென்றே செய்த போலி குறைவு. நகல் பதிப்பைப் பழையது என்று தெரியாமல் விற்பதுதான் அதிகம். வின்சுலோவின் தமிழ் அகராதி 1862இல் வந்தது. அதைப் படமெடுத்து அப்படியே அச்சிட்ட பதிப்பிலும் தலைப்புப் பக்கத்தில் 1862தான் இருக்கும். ஒரு சோதனை போதும். பக்கத்தைத் திருப்பிப் பின்புறத்தில் விரல் நுனியை மெல்ல ஓட்டுங்கள். ஈய எழுத்து அச்சு என்றால் தாள் லேசாக அமுங்கி, எழுத்தின் மேடு விரலுக்குத் தெரியும். சாய்வான வெளிச்சத்தில் கண்ணுக்கும் தெரியும். ஆப்செட்டில் அச்சான நகல் வழுவழுவென்று இருக்கும்.

நான்காம் படி: எங்கே தேடுவது

பழைய பேப்பர் கடைகள்தான் முதல் இடம். செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாப்பேட்டை, கிச்சிப்பாளையம் என்று எந்தப் பேட்டையிலும் ஒன்று இருக்கும். இரண்டு மூன்று கடைக்காரர்களோடு பழகிக்கொள்ளுங்கள். எடை விலையைவிட நாலு மடங்கு தருவேன் என்று சொல்லி வையுங்கள். மேல்தாள், பாட்டுப் புத்தகம், நோட்டீசு எதையும் கிழிக்காமல் ஒரு சாக்கில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். பொங்கலுக்கு முன் போகிச் சுத்தம், வீடு மாறும் மே மாதம், பழைய ஓட்டு வீடு இடிக்கும்போது என்று மூன்று நேரங்களில் சரக்கு கொட்டும். அப்போது வாரம் இரண்டு முறை போங்கள். காலையில் போனால் சாக்கு இன்னும் பிரியாமல் இருக்கும்.

சேலம் புத்தகத் திருவிழாவில் பழைய புத்தகக் கடை வந்தால் முதல் நாளே போய்விடுங்கள். சென்னை, மதுரை வியாபாரிகளிடம் போனில் வாங்கும்போது தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம், கடைசிப் பக்கம், முதுகு என நான்கு படங்கள் கேட்டு வாங்குங்கள். படம் தர மறுத்தால் வாங்காதீர்கள்.

வீடுகளில் வாங்கும்போது நேர்மை வேண்டும். பொன்னம்மாப்பேட்டையில் ஒரு பாட்டி, "தாத்தா பொஸ்தகம் கண்ணு, எடுத்துக்கிட்டுப் போ, காசெல்லாம் வேண்டாம்," என்றார். அந்தப் பெட்டியில் இரண்டு புத்தகங்களுக்கு நல்ல விலை உண்டு என்று எனக்குத் தெரியும். "அம்மா, இதுக்கு வெளியில இவ்வளவு கொடுப்பாங்க, உங்க பசங்களைக் கேட்டுச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுவாரம் மகன் கூப்பிட்டு, சரியான விலைக்கு மொத்தப் பெட்டியையும் கொடுத்தார். அந்தத் தாத்தா யார், எந்தப் பள்ளியில் வாத்தியாராக இருந்தார் என்பதையும் சொன்னார். அன்று சும்மா எடுத்து வந்திருந்தால் அந்த விவரம் எனக்குக் கிடைத்திருக்காது.

ஏற்காடு வேறு உலகம். காக்பர்ன் கலெக்டராக இருந்த காலத்தில் காப்பி ஏறிய மலை அது. பழைய எஸ்டேட் பங்களா கைமாறும்போது ஆங்கிலப் புத்தகங்கள் அலமாரி அலமாரியாக வெளியே வரும். தோல் கட்டைப் பார்த்து மயங்காதீர்கள். நாவல் வரிசைகளுக்கும் கலைக்களஞ்சியத் தொகுதிகளுக்கும் பெரிய மதிப்பு இல்லை. அவற்றுக்குக் கீழே கிடக்கும் தோட்டக்காரர் சங்க அறிக்கை, பள்ளி ஆண்டு மலர், கையால் வரைந்த எஸ்டேட் வரைபடம், கூலிக் கணக்கு நோட்டு ஆகியவைதான் வேறு எங்கும் கிடைக்காதவை.

ஐந்தாம் படி: வாங்கும் முன் முழுமை பாருங்கள்

பக்க எண்ணை எண்ணுங்கள். முன்னுரைப் பக்கங்களுக்குத் தனி எண் இருக்கும். பழைய நூல்களில் தமிழ் எண்களே இருக்கும் என்பதால் ௧ முதல் ௰ வரை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். எட்டு அல்லது பதினாறு பக்கத்துக்கு ஒரு ஃபார்ம், அதாவது ஒரே தாளில் அச்சிட்டு மடித்த பக்கக் கட்டு. ஒவ்வொரு ஃபார்மின் முதல் பக்கத்திலும் அடியில் ஒரு சிறு எண் இருக்கும். அது தொடர்ந்து வந்தால் நடுவில் எதுவும் விழவில்லை. படப் பக்கங்களைத்தான் முதலில் கிழித்திருப்பார்கள், அதைத் தனியாகப் பாருங்கள்.

நூலக முத்திரை இருந்தால் நிதானியுங்கள். நீக்கப்பட்டது என்ற முத்திரை இல்லாமல் நூலகப் புத்தகம் வந்தால் நான் வாங்குவதில்லை. முத்திரையில் இருக்கும் நூலகத்துக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுவேன்.

ஓலைச்சுவடி வந்தால் கை வைக்க வேண்டாம். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, 75 ஆண்டுக்கு மேற்பட்ட, வரலாற்று இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துச் சுவடியும் தொல்பொருள்தான். அதை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது, வியாபாரத்துக்கு உரிமம் வேண்டும். கொடுக்க முன்வருகிறவர்களைச் சென்னையில் உள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கு அனுப்பிவையுங்கள்.

விலைக்கு ஒரு வார்த்தை. பழையது என்பதாலேயே எதுவும் விலை போகாது. எத்தனை பிரதி மிஞ்சியிருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள், முழுமையாக இருக்கிறதா என்ற மூன்றும் சேர்ந்துதான் விலை. முதல் வருடம் ஒரு புத்தகத்துக்கு ஐந்நூறு ரூபாய்க்கு மேல் போகாதீர்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடினால் பல நூல்களின் முதல் பதிப்பை வீட்டிலிருந்தே பார்க்கலாம். உங்கள் பிரதியை அதோடு ஒப்பிட்டு, மேல்தாள் எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு பிறகு பேரம் பேசுங்கள்.

ஆறாம் படி: வீட்டுக்கு வந்ததும்

நேராக அலமாரியில் வைத்துவிடாதீர்கள். இராமபாணப் பூச்சி ஒன்று வந்தால் போதும், மற்றவையும் போகும். மென்மையான பிரஷ் எடுத்து, முதுகிலிருந்து வெளிப்பக்கமாகத் தூசி தட்டுங்கள். பூச்சி சந்தேகம் இருந்தால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுக்கி, வீட்டு டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பின் ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்காதீர்கள், இல்லையென்றால் தாள் வேர்க்கும். இது பூச்சிக்குத்தான், பூஞ்சைக்கு அல்ல.

பூஞ்சை ஏற்காட்டுப் புத்தகங்களின் நோய். மழைக்காலத்தில் மேகம் சன்னலுக்குள் வரும் ஊரில் தாள் ஈரம் குடித்தே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை வளரும். கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிக் கீழே கொண்டுவந்ததும் பக்கங்களை விசிறிபோல விரித்து, நிழலில், மின்விசிறிக் காற்று நேராகப் படாமல், ஒரு வாரம் நிறுத்தி வையுங்கள். வெயிலில் காய வைக்கவே கூடாது. பழுப்புப் புள்ளிகள் போகாது, போக்க முயலவும் வேண்டாம்.

செல்லோ டேப், லேமினேஷன், ஃபெவிகால் மூன்றும் எதிரிகள். டேப் சில ஆண்டில் மஞ்சளாகி எழுத்தையும் தின்றுவிடும். கிழிசலை அப்படியே ஒரு தாள் உறையில் வைப்பது மேல். பைண்டிங் தவிர்க்க முடியாது என்றால் ஓரம் வெட்டக் கூடாது, மேல்தாளை உள்ளே சேர்த்துத் தைக்க வேண்டும், பழைய தையல் துளையிலேயே நூல் கோக்க வேண்டும் என்று எழுதியே கொடுங்கள். முடிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

அலமாரி சுவரை ஒட்டாமல் நான்கு விரல் தள்ளி இருக்கட்டும். அந்துருண்டையைவிடத் துணியில் முடிந்த வசம்பு எனக்குப் பிடிக்கும், ஆனால் மாதம் ஒரு முறை எல்லாவற்றையும் எடுத்துத் தட்டிவைப்பதற்கு அது மாற்று ஆகாது. சரஸ்வதி பூசைக்குப் புத்தகம் அடுக்கும்போது பழையவற்றின் மேல் ஒரு வெள்ளைத் தாள் விரித்து, சந்தனமும் குங்குமமும் அந்தத் தாளில் வையுங்கள். என்னிடம் உள்ள சில புத்தகங்களின் அட்டையில் எண்பது ஆண்டுக்கு முந்தைய சந்தனப் பொட்டு கறையாக இருக்கிறது. அதை நான் துடைக்கவில்லை, அதுவும் அந்த வீட்டின் சாட்சி. பக்க நடுவே வரும் மயிலிறகு, பஸ் டிக்கெட், கடிதம் ஆகியவற்றையும் எந்தப் பக்கத்தில் இருந்தன என்று குறித்து, தனி உறையில் போட்டு வையுங்கள்.

ஏழாம் படி: பட்டியல்

இதைத் தள்ளிப் போடுகிறவர்கள்தான் அதிகம். ஏற்காட்டில் வாழ்ந்த நிலவியல் அறிஞர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்காலக் கருவிகளைச் சேகரித்தார். அவர் சேகரிப்பு 1904இல் மெட்ராஸ் அருங்காட்சியகத்துக்குப் போனது. கருவிகள் கிடைத்த இடங்களோடு அதன் பட்டியலும் பிறகு அச்சாகி வந்தது. எங்கே கிடைத்தது என்று எழுதாமல் இருந்திருந்தால் அவை வெறும் கல். நம் புத்தகங்களுக்கும் அப்படியே.

ஒரு நீள நோட்டு போதும். தலைப்பு, ஆசிரியர், அச்சகம், ஊர், ஆண்டு, எப்படி ஆண்டு முடிவு செய்தீர்கள், டெமியா கிரவுனா என்ற அளவு, பக்கம், குறைகள், முன்னாள் சொந்தக்காரர் கையெழுத்து, எங்கே, யாரிடம், எப்போது, என்ன விலைக்கு வாங்கினீர்கள். புத்தகத்தின் உள்ளே பேனாவால் எழுத வேண்டாம். கடைசிப் பக்க மூலையில் பென்சிலால் வரிசை எண் மட்டும் போடுங்கள். ரப்பர் ஸ்டாம்பு அடிக்கவே அடிக்காதீர்கள்.

நோட்டின் முதல் பக்கத்தில் இன்னொன்றும் எழுதுங்கள், உங்களுக்குப் பிறகு இவை எங்கே போக வேண்டும் என்று. கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுக்கச் சேர்த்த சுமார் ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும், 1992இல் அவர் மறைந்த பிறகு சிதறாமல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. நம் இருநூறு புத்தகம் அந்த அளவு இல்லை. ஆனால் சேலத்துப் பாட்டுப் புத்தகங்கள் மட்டும் இருநூறு ஒரே இடத்தில் இருந்தால் எந்த நூலகமும் வாங்கிக்கொள்ளும். என் நோட்டின் முதல் பக்கத்தை மனைவிக்கும் மகளுக்கும் படித்துக் காட்டியிருக்கிறேன். அதற்கு அடுத்த பக்கத்தில் வரிசை எண் 1, மாரியம்மன் சிந்து. அச்சகம் என்ற கட்டமும் ஆண்டு என்ற கட்டமும் காலியாக இருக்கின்றன. ரோஸ் நிற மேல்தாளோடு இன்னொரு பிரதி யார் வீட்டுப் பரணிலாவது இருக்கும் என்று ஒவ்வொரு போகிக்கு முன்பும் பேப்பர் கடைகளில் சொல்லிவைக்கிறேன்.